பல்லிக் கூட்டில் வளர்ந்த கால்

1

வருகிற மாசியோடு நான் மலாக்காவில் வந்து இறங்கிப் பத்து வருஷம் ஆகிறது. என்னோடு ஒரே கப்பலில் வந்தவர்கள் மூன்று பேர் இந்த ஊரில் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். வயிறு முட்டச் சாப்பிடுவோம். 'இனி ஊருக்குத் திரும்பிவிட வேண்டியதுதான்' என்று ஏகமனதாகத் தீர்மானம் போடுவோம். மறுநாள் அவரவர் வேலைக்குப் போய்விடுவோம். இது பத்தாவது வருஷம் என்பதால் தீர்மானம் மட்டும் போதாது, கட்டுரையும் வேண்டும் என்று மன்னார்குடியில் கையெழுத்துப் பத்திரிகை நடத்தும் என் மைத்துனன் எழுதியிருக்கிறான். 'அயல்நாட்டில் நீங்கள் கண்ட அதிசயம் எதையாவது எழுதுங்கள்' என்பது அவன் உத்தரவு.

இங்கே பழைய கோட்டை வாசல் இருக்கிறது, கடல் இருக்கிறது, மூக்கைத் துளைக்கும் டுரியான் பழம் இருக்கிறது. அவற்றைப் பற்றி வந்தவன் போனவன் எல்லாம் எழுதிவிட்டான். எனக்குத் தெரிந்த அதிசயம் ஒரு கால்தான். அதைப் பற்றியே எழுதிவிடுகிறேன். மைத்துனனுக்குப் பிடிக்காவிட்டால் அவன் அக்காளிடம் முறையிட்டுக்கொள்ளட்டும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிட வேண்டும். நான் இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் குமாஸ்தா. எலும்பு முறிவுப் பகுதியில் ஒரு வெள்ளைக்கார டாக்டருக்குக் கீழே வேலை. அவர் வெட்டுவார், ஒட்டுவார், கட்டுவார். நான் எழுதுவேன். எழுதாத எதுவும் சர்க்காரில் நடந்ததாக ஆகாது என்பதால் அவர் வேலையைவிட என் வேலை பெரியது என்பது என் அபிப்பிராயம். டாக்டரும் அதை ஒப்புக்கொண்டவர் போலத்தான் நடந்துகொள்வார். நான் நீட்டும் காகிதத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போடுவார்.

போன வருஷம் இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. ஊரே திடலில் கூடி 'மெர்டேக்கா' என்று குரல் கொடுத்தது. நானும் தொண்டை கட்டும்வரை கொடுத்தேன். மறுநாள் அலுவலகத்துக்குப் போனால், புதுப் படிவங்கள் அச்சாகி வரும்வரை பழைய படிவங்களின் தலையில் உள்ள கிரீடத்தைச் சிவப்பு மையால் அடித்துவிட்டுப் பயன்படுத்த வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. அலமாரி நிறையப் படிவங்கள். ராணியின் கிரீடத்தை அத்தனை தடவை அடித்தவர்கள் இந்தத் தேசத்தில் என்னைத் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார்கள். சுதந்திரத்தில் எனக்கு நேரடியாகக் கிடைத்த பங்கு மணிக்கட்டு வலி.

குடியிருப்பது காஜா பெராங்கில், வாடகை வீடு. பக்கத்து வீட்டில் நாராயண மாமா இருக்கிறார். தச்சு வேலைக்காரர், மலாக்காச் செட்டி. நான் வந்த புதிதில் அவர் நெற்றித் திருநீற்றையும் வாசல் மாவிலையையும் பார்த்து, 'பேச்சுத் துணைக்குப் பஞ்சமில்லை' என்று மகிழ்ந்துபோய், நல்ல தமிழில் கால் மணி நேரம் பேசினேன். மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மலாயில் பதில் சொன்னார். இவர்களுடைய முன்னோர் எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வந்து இங்கேயே பெண் கட்டியவர்கள். சாமி அப்படியே தங்கிவிட்டது, பேச்சு மலாயாகிவிட்டது. அவர் வாயில் எனக்கென்று இருக்கும் தமிழ்ச் சொல் 'தம்பி' ஒன்றுதான். அன்றைக்கு அவரைப் பார்த்துப் பாவப்பட்டேன். இப்போது என் எட்டு வயது மகள் வசந்தா, "அப்பா, மாக்கான் பண்ணியாச்சு, மாமா வீட்டுக்கு ஜாலான் போயிட்டு வரேன்" என்கிறாள். சாப்பிட்டாயிற்று, உலாவிவிட்டு வருகிறேன் என்று அர்த்தம். பாவப்பட வேண்டியது யாரை என்று இப்போது தெளிவாகத் தெரிகிறது.

2

செங் பக்கத்தில் உள்ள ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டுகிறவள், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறவள், பாக்கியம். முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டியிருப்பாள். கணவன் காய்ச்சலில் போய்விட்டான். இரண்டு பெண் குழந்தைகள். ஒரு நாள் பால் ஏற்ற வந்த லாரி பார்க்காமல் பின்னால் நகர்ந்ததில் இடது கால் சக்கரத்துக்கு அடியில் போயிற்று. டாக்டர் எவ்வளவோ முயன்றும் முழங்காலைத்தான் காப்பாற்ற முடிந்தது, அதற்குக் கீழே எடுத்துவிட்டார். முழங்கால் தப்பியதில் டாக்டருக்கு ஒரே பெருமை.

பாக்கியத்துக்குக் கவலை வேறு. தோட்டத்து லயத்தில், அதாவது வரிசைக் குடியிருப்பில், வீடு வேலை செய்கிறவர்களுக்குத்தான். வேலை இல்லையென்றால் வீடும் இல்லை. தோட்டத்து மானேஜர் துரை பெரிய மனது பண்ணி, பொங்கல் கழிந்து வரும் முதல் திங்கட்கிழமைவரை தவணை கொடுத்திருந்தார். அன்று விடிவதற்கு முன் பெரட்டில் வந்து நிற்க வேண்டும். பெரட்டு என்பது தோட்டத்தில் ஆட்கள் வரிசையாக நிற்க, கிராணி எனப்படும் கணக்கர் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். கைத்தடி இல்லாமல் நின்று, தன் மரங்களைத் தானே வெட்டுவேன் என்று காட்டினால் வீடு தங்கும். இல்லாவிட்டால் பெட்டி படுக்கையோடு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். எங்கே என்று அவளுக்கும் தெரியாது.

அந்தச் சமயத்தில் யாரோ தர்மவான்கள் அனுப்பிய பெட்டி ஒன்று இங்கிலாந்திலிருந்து வந்தது. உள்ளே கால்கள். அதில் அளவு ஒத்துவந்த ஒன்றை டாக்டர் பாக்கியத்துக்குப் பூட்டினார். தொடைக்கும் முழங்காலுக்கும் தோல் பட்டை, கீழே மரம், மரத்துக்கு வெள்ளைக்காரர் நிறத்தில் ஒரு ரோஸ் பூச்சு, அடியில் திருகாணி போட்டு முடுக்கிய கறுப்பு பூட்ஸ். கைலி கட்டிய தோட்டத்துப் பெண், ஒரு பக்கம் வெறுங்கால், ஒரு பக்கம் சிப்பாய் பூட்ஸ். ஆனாலும் நடந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் இருபது அடி நடந்ததும் டாக்டர் கைதட்டினார். நான் 'குணம்' என்று எழுதிக் கோப்பை மூடினேன்.

அவள் எத்தனை அடி நடக்கிறாள் என்று எண்ணினோமே தவிர, ஒரு நாளைக்கு எத்தனை வாசல் ஏறுகிறாள் என்று நாங்கள் யாரும் எண்ணவில்லை. சீமையில் பூட்ஸோடு பிறந்து பூட்ஸோடு படுக்கிறார்கள் போலிருக்கிறது. இங்கே தமிழர் வீடானாலும் மலாய்க்காரர் வீடானாலும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இவளுடைய பூட்ஸ் கழலாது, கால்தான் கழலும். ஆகவே ஒவ்வொரு வாசலிலும் உட்கார்ந்து, பட்டையை அவிழ்த்து, காலைச் செருப்புகளோடு ஓரமாக வைத்துவிட்டு, சுவரைப் பிடித்து நொண்டியடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்தவள், எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் உள்ள அம்மன் கோயிலுக்குப் போயிருக்கிறாள். வழக்கப்படி காலை வாசலில் விட்டுவிட்டாள். கும்பிட்டு வெளியே வந்தால் மற்றச் செருப்பெல்லாம் இருக்கிறது, கால் இல்லை. ரோந்து வந்த போலீஸ்காரர் ஒருவர், செருப்புக் குவியலுக்குள்ளிருந்து பூட்ஸ் போட்ட கால் ஒன்று நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பதறி, பிறகு மரம் என்று தெரிந்து ஆறுதலடைந்து, கடமை தவறாமல் நிலையத்துக்கு எடுத்துப் போய்விட்டாராம்.

மீட்டு வரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நிலையத்தில் இருந்த மலாய் கார்ப்பொரல் நல்ல மனிதர். 'கால் ஒன்று, இடது, பூட்ஸ் உட்பட' என்று புத்தகத்தில் பதிந்து வைத்திருந்தார். கண்டெடுத்த பொருளை உரியவர் நேரில் வந்துதான் பெற வேண்டும் என்றார். உரியவர் நேரில் வருவதற்கு வேண்டிய பொருள் உங்கள் மேஜைமேல் இருக்கிறதே என்றேன். என் பக்கத்து நியாயம் அவருக்குப் புரிந்தது. ஆனால் விதி விதிதான் என்றார். நானும் குமாஸ்தாதானே, விதியைக் கண்டால் எனக்கும் கை தானாகக் குவிந்துவிடும். திரும்பிப் போய்ப் பாக்கியத்தை பேச்சாவில் ஏற்றி வந்தேன். பேச்சா என்பது இங்கே மூன்று சக்கர மிதிவண்டி. படியேற முடியாமல் அவள் வண்டியிலேயே உட்கார்ந்திருக்க, கார்ப்பொரல் புத்தகத்தையும் காலையும் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். உன்னுடையதுதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். அவள் பேசாமல் அதை வாங்கிப் பூட்டிக்கொண்டு எழுந்து நின்றாள். திருப்தியடைந்து கைநாட்டு வாங்கிக்கொண்டார். போகும்போது, இனிமேல் காலில் பெயர் எழுதி ஒட்டிவை என்று அன்பாக ஒரு யோசனையும் சொன்னார்.

நான் சிரித்துக்கொண்டே திரும்பினேன். அவள் சிரிக்கவில்லை.

"கிளாக்கு ஐயா, வாசல்ல விட வேண்டாத காலு ஒன்னு செஞ்சு குடுக்கச் சொல்லுங்க. இத வெச்சுக்கிட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் மொடமாத்தான் போறேன். காட்டுல சேறு புகுந்துச்சுன்னா பூட்ஸு கல்லாட்டம் கனக்குது. பெரட்டுல நிக்கிறதுக்குள்ள விழுந்துருவேன்."

கோப்பில் 'குணம்' என்று எழுதிய கை எனக்குக் கூசியது.

3

டாக்டரிடம் சொன்னேன். வெறுங்காலாகவே இருக்கிற கால், நனையலாம், மடக்கி உட்காரலாம், அதைப் பற்றி ஆராய்ச்சி செய்ய நிதி கேட்போம் என்றார். தலைநகரில் வைத்திய ஆராய்ச்சிக்கு நிதி கொடுக்கும் குழு ஒன்று இருந்தது. விண்ணப்பப் படிவம் வரவழைத்தேன்.

டாக்டருக்கு வேறோர் ஆசையும் இருந்தது. அவர் அறையில் ஜாம் புட்டிகளில் நாலைந்து பல்லிகள் வளர்த்தார். வால் அறுந்த பல்லிக்கு வால் முளைக்கிறதே, கால் போன மனிதனுக்கு ஏன் முளைப்பதில்லை என்பது அவர் கேள்வி. என் மனைவி கமலா இதைக் கேட்டுவிட்டு, "பல்லி சொல்லுக்குப் பலன் பார்ப்பார்கள், வாலுக்குப் பலன் பார்க்கிறவரை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்" என்றாள். போகிற போக்கில் பல்லிக்கும் ஒரு விண்ணப்பம் போட்டுவிடலாம் என்றார் டாக்டர். இரண்டு விண்ணப்பங்களையும் நானே எழுதினேன். கிரீடத்தை அடித்து, இரண்டையும் ஒரே உறையில் அனுப்பினேன்.

கால் விண்ணப்பம் திரும்பி வந்தது. தப்பு என்னுடையது. படிவத்தில் 'ஆராய்ச்சிக்குப் பயன்படும் உயிரின் பெயர், எண்ணிக்கை, தீனி' என்று ஒரு கேள்வி. எந்தக் கேள்வியையும் காலியாக விடக் கூடாது என்பது மன்னார்குடிப் பத்திரப்பதிவு ஆபீசில் நகல் எழுதிய நாளிலிருந்து என் ரத்தத்தில் ஊறிய தர்மம். 'பாக்கியம், ஒன்று, சோறு' என்று எழுதியிருந்தேன். டாக்டர் வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார். 'பாக்கியம் என்பது எந்த வகைப் பிராணி, அதற்குக் கூண்டு உண்டா என்பதைத் தெரிவிக்கவும்' என்று கேட்டிருந்தார்கள். பல்லி விண்ணப்பத்தில் குறையொன்றும் இல்லையாம்.

விளக்கம் எழுதினேன். அதுவும் திரும்பி வந்தது, இந்தத் தடவை மூன்று பிரதி இல்லை என்று. மூன்று பிரதி அனுப்பினேன். கார்த்திகையில் முடிவு வந்தது. பல்லியின் வாலுக்கு நிதி கிடைத்தது. எதிர்கால வைத்தியத்தின் அடிப்படை என்று நாலு வரி பாராட்டும் இருந்தது. வெறுங்காலுக்கு நிதி இல்லை. நல்ல கால்கள் இங்கிலாந்தில் தயாராகவே கிடைப்பதால் அதில் ஆராய்ச்சிக்கு ஒன்றும் இல்லை, நோயாளி பூட்ஸ் போட்டுப் பழகிக்கொள்வதே உசிதம் என்று எழுதியிருந்தார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து சாப்பாடு பிடிக்கவில்லை. எங்கள் ஊர் ரயிலடியில் ஒருவர் இருந்தார். பெட்டிகளைக் கோக்கும் வேலையில் கால் போனவர். நான் பள்ளிக்கூடம் போன காலம் முழுவதும், ஆபீசுக்குப் போன காலம் முழுவதும் அவர் ஒரே இடத்தில் கம்பை ஊன்றி உட்கார்ந்திருந்தார். தினம் வணக்கம் சொல்வேன். அவருக்கு ஒரு கால் செய்யலாம் என்று எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இதை இத்தனை தூரம் வந்து நினைக்க வெட்கமாக இருந்தது. பொங்கலுக்கு இன்னும் ஒன்றரை மாதந்தான் இருந்தது.

4

இனி நான் செய்த பாவத்தைச் சொல்ல வேண்டும்.

பல்லி நிதியில் என்னென்ன வாங்கலாம் என்று ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார்கள். அதில் 'கூடு கட்டப் பலகை' இருந்தது. 'கூட்டுக்குள் விரிப்பு' இருந்தது. இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள், 'பல்லிக் கூட்டுக்கு ஜெலுத்தோங் பலகை' என்றும், 'பல்லிக்கு விரிப்பு, புகை போட்ட ரப்பர் ஷீட்' என்றும் எழுதி டாக்டர் முன் வைத்தேன். ஜெலுத்தோங் என்பது எடையே தெரியாத மரம், செதுக்கச் செதுக்க வளைந்து கொடுக்கும். டாக்டர் பேனாவை எடுத்தார். வாழ்நாளில் முதல் தடவையாகக் காகிதத்தைப் படித்தார். பல்லிக்கு ரப்பர் மெத்தை எதற்கு என்று கேட்டார். வால் அறுந்த பிராணி, உடம்பு நோகும் என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

நாராயண மாமா தன் பட்டறையில் மரக்காலைச் செதுக்கினார். சீமைக் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "தம்பி, இனி காக்கி தா போலே டூடோக்." இந்தக் காலுக்கு உட்காரத் தெரியாது என்று அர்த்தம். உட்காரத் தெரிந்த காலாக அவர் செய்தார். மடக்கினால் முழங்காலுக்குப் பின்னால் இடிக்காதபடி விளிம்பைச் சரித்து இழைத்தார்.

பாதந்தான் பாடாய்ப் படுத்தியது. ரப்பர் ஷீட்டை அடுக்கி வைத்து வெட்டிய முதல் பாதம் வெயிலில் இளகி ஐந்து விரலும் ஒன்றாகிவிட்டது. கூடவே ஒரு வாடை. கமலா மூக்கைப் பொத்திக்கொண்டு, பாதத்தைக் கொல்லையில் வையுங்கள் என்றாள். ரப்பரை நாங்கள் பார்த்திருக்கிறோம், பாக்கியத்துக்குத்தான் தெரியும். ஷீட்டை இழுத்து, மடித்து, மோந்து பார்த்துவிட்டு, கந்தகம் போட்டு வேகவைக்க வேண்டும், டவுனில் டயர் ஒட்டும் கடையில் அப்படித்தான் செய்கிறார்கள் என்றாள். அந்தக் கடைச் சீனத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், கொண்டுபோனோம். அவர் எதுவும் கேட்கவில்லை, டயர் அச்சில் வைத்துச் சூடுபோட்டுக் கொடுத்துவிட்டார். நிறம் மட்டும் எங்கள் யோசனை இல்லாமலே அமைந்தது. புகை போட்ட ரப்பர் அவள் வலது காலின் நிறமாகவே இருந்தது.

பூட்டிக்கொண்டு மாமாவின் ஈரமான முற்றத்தில் நாலடி வைத்தாள். வசந்தாதான் முதலில் பார்த்தாள். வலது கால் வைத்த இடத்தில் மனிதப் பாதம் பதிந்திருந்தது. இடது கால் வைத்த இடத்தில் லாரி போன தடம். அச்சிலிருந்த டயர் வரி உள்ளங்காலில் அப்படியே ஏறியிருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. இவளிடம் போயா லாரித் தடத்தைக் காட்டுவது? சுரண்டி எடுத்துவிடச் சொல்கிறேன் என்றேன்.

பாக்கியம் குனிந்து தடத்தைப் பார்த்தாள். சிரித்தாள். அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"வேணாங்க ஐயா, இருக்கட்டும். சேத்துல வழுக்காது. காலக் கொண்டுபோன லாரி, டயராவது குடுத்துட்டுப் போவட்டும்."

5

ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம் துள்ளி. பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது குழுவிலிருந்து கடிதம் வந்தது. பல்லி ஆராய்ச்சியைப் பார்வையிட அதிகாரி வருகிறாராம்.

அதிகாரி இளைஞர், மலாய்க்காரர், சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தவர். சட்டையில் மடிப்புக் கலையவில்லை. டாக்டரின் ஜாம் புட்டிகளைப் பார்த்தார். பல்லிகளை எண்ணினார். இரண்டின் வால் முளைத்திருந்தது அவருக்குத் திருப்தி. பிறகு கோப்பைப் புரட்டி, பலகையும் விரிப்பும் வாங்கிய கூடு எங்கே என்று கேட்டார். டாக்டர் என்னைப் பார்த்தார். தச்சரிடம் வேலை நடக்கிறது என்றேன். அது பொய் இல்லை. அப்படியானால் அதையும் பார்த்துவிடலாம் என்று எழுந்துகொண்டார். டாக்டர் அவசர அவசரமாக, தனக்கு நோயாளிகள் காத்திருப்பதாகச் சொன்னார்.

காஜா பெராங்குக்கு அவரோடு காரில் போனது பத்து நிமிஷம். அதற்குள் கமலாவும் வசந்தாவும் ஊரில் காத்திருக்கும் என் இரண்டு தங்கைகளின் கல்யாணமும் கண் முன்னால் வந்துபோயின. வேலை போனால் அடுத்த கப்பல்தான். பத்து வருஷமாகப் போட்ட தீர்மானத்தைச் சர்க்காரே நிறைவேற்றிவிடும் போலிருந்தது.

பட்டறை வாசலில் அதிகாரி தாமாகவே பூட்ஸைக் கழற்றினார். உள்ளே சுற்றிப் பார்த்தார். கூடு எது என்றார். நான் ஏதோ சொல்லத் தொடங்குமுன் நாராயண மாமா கூச்சமில்லாமல் மலாயில் பேச ஆரம்பித்துவிட்டார். மறைக்கத் தெரியாத மனிதர். பலகை கால் ஆயிற்று, ரப்பர் பாதம் ஆயிற்று, பல்லிக்குக் கூடு இல்லை, பல்லி சுவரிலேயே சௌக்கியமாக இருக்கும், தம்பிமேல் தப்பு இல்லை, அவன் எழுதாமல் இருந்தால் மரம் கிடைத்திருக்காது என்று முழுவதையும் கொட்டினார். என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் என் கழுத்துக்குக் கயிறு முறுக்கியது.

அதிகாரி கோப்பை மூடினார். அப்போது பாக்கியம் தெருவிலிருந்து வந்தாள். பொங்கலுக்குள் பழக வேண்டும் என்று அவள் தினமும் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வந்து, மாமா வீட்டுப் பக்கத்து மண் பாதையில் நடந்து பார்ப்பது வழக்கம். இரண்டு கால்களிலும் சேறு. அந்நியர் நிற்பதை அவள் கவனிக்கவில்லை. வாசல் ஜாடியிலிருந்து சிரட்டையில் தண்ணீர் மொண்டு வலது காலில் ஊற்றினாள். பிறகு இடது காலிலும் ஊற்றி, விரலிடுக்கைத் தேய்த்துக் கழுவினாள். வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து, நெற்றி வேர்வையைத் துடைத்தாள்.

அதிகாரி அவளை மறுபடி வெளியே போய் வரச் சொன்னார். வந்தாள். பாதத்தைத் தொட்டுப் பார்க்கலாமா என்று அவளிடம் அனுமதி கேட்டு, குந்தி உட்கார்ந்து டயர் வரியைத் தடவினார். பிறகு என் பக்கம் திரும்பி, ஒரு நாளைக்கு ஐந்து வேளை கழுவினால் இது கெடுமா என்று கேட்டார். ஐந்து வேளையும் கழுவுகிறவர்கள் தொழுகிறவர்கள். யாரோ ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறார் என்று பட்டது, யார் என்று நான் கேட்கவில்லை. கெடாது என்றேன். நீளம் அகலம் எல்லாம் விசாரித்துத் தம் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். கடைசியில் என் கோப்பை வாங்கி, பார்வைக் குறிப்பு எழுதும் இடத்தில் இரண்டே வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கார் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் அதைப் படிக்கத் தைரியம் வந்தது.

'பல்லி நலம். நன்றாக நடக்கிறது. கூடு கட்டும் வேலை தொடரலாம்.'

6

பொங்கல் கழிந்த திங்கட்கிழமை விடிவதற்கு முன்னால் நாராயண மாமாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சைக்கிளில் தோட்டத்துக்குப் போனேன். மாமாவின் மடியில் திருப்புளியும் உளியும் இருந்தன. எங்காவது ஆணி தளர்ந்தால் அங்கேயே முடுக்கிவிடலாம் என்று எடுத்து வந்தார்.

பெரட்டுக் களத்தில் அரையிருட்டு. நாற்பது ஐம்பது பேர் வரிசையாக நின்றார்கள். தலையில் துண்டு, பக்கத்தில் வாளி, கையில் கத்தி. நாங்கள் ஆபீஸ் ஓரத்தில் ஒதுங்கி நின்றோம். தோட்டத்துக் கிராணி ஒரு கையில் அரிக்கன் விளக்கும் மறு கையில் பேரேடுமாக வந்தார். பெயர்களை வாசித்தார். பாக்கியம் என்று கூப்பிட்டதும் வரிசையின் நடுவிலிருந்து "இருக்கேன்" என்று குரல் வந்தது.

கிராணி நிறுத்தினார். பூட்ஸ் போட்ட கால் கைத்தடி இல்லாமல் நிற்கிறதா என்று நேரில் பார்த்துச் சொல்லும்படி மானேஜர் துரை அவருக்கு உத்தரவு போட்டிருந்தாராம். விளக்கைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு வரிசையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை காலடிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தார். எல்லாம் வெறுங்கால்கள், எல்லாவற்றிலும் செம்மண் சேறு. திரும்பி மறுபடியும் நடந்தார். பாக்கியத்தைத் தாண்டிப் போனார். வராத ஆளுக்கு இன்னோர் ஆள் குரல் கொடுப்பது தோட்டத்தில் நடக்கிற வழக்கந்தான். கிராணி அதைப் பல தடவை பிடித்தவர். ஆள் வரவில்லை, குரல் மட்டும் வந்திருக்கிறது என்று உரக்கச் சொல்லிவிட்டுப் பேரேட்டில் எழுதத் தொடங்கினார்.

மாமா என் கையைப் பிடித்து இழுத்தார், போய்ச் சொல் என்று. நான் வாயைத் திறப்பதற்குள் பாக்கியம் வரிசையை விட்டு முன்னால் வந்து கிராணிக்கு எதிரே நின்றாள். அவர் விளக்கைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தார். தாழ்த்திக் காலைப் பார்த்தார். ஒரு காலைப் பார்த்தார், மற்றக் காலைப் பார்த்தார். துரைக்குப் பதில் சொல்ல வேண்டும், எந்தக் கால் என்று காட்டு என்றார்.

"எந்தக் காலுன்னு பாத்து என்னா செய்யப் போறீங்க கிராணி? எந்த நெரைன்னு சொல்லுங்க. வெயில் ஏறுனா பால் நின்னுரும்."

கிராணி பேரேட்டில் எழுதியதை அடித்தார். அவள் வெட்ட வேண்டிய மர நெரையைச் சொன்னார். பாக்கியம் வாளியை எடுத்துக்கொண்டு மற்றவர்களோடு மரங்களுக்குள் போனாள். நான் ஆபீஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.